நடுகல் வாசகத்தை எக்ஸ்எம்எல்லில் ஏற்ற: எடிட்டர் நிறுவுவதிலிருந்து முதல் கோப்பு வரை

டீச்சர், வணக்கம்.

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். உங்கள் பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகளோடு அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் போய்ப் படம் எடுத்து, படித்துச் சேர்த்த நாற்பது நடுகற்களின் விவரம் பாதி வேர்டிலும் பாதி எக்ஸெல்லிலுமாக இருக்கிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எக்ஸ்எம்எல்லாகக் கேட்டிருக்கிறார். எழுத்தின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று < > என்ற கோணக்குறிக்குள் பெயர் எழுதிக் காட்டும் கோப்பு முறை அது; அந்தப் பெயரைத்தான் கீழே குறி என்கிறேன். பள்ளி லேப்டாப்பில் ஒரு எடிட்டரை நிறுவி, வேர்டிலிருந்து எடுத்து ஒட்டியதும் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு. காசு கொடுத்து மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா, எதை நிறுவுவது, நிறுவிய பிறகு என்ன செய்வது?

வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதே உங்கள் வேலைக்குப் போதும். நான் சென்னையில் ஆய்விதழ்களுக்குப் பக்கம் தயாரிக்கும் இடத்தில் பல ஆண்டுகள் எக்ஸ்எம்எல்லோடு இருந்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். விலை உயர்ந்த எடிட்டரிலும் வேலை பார்த்திருக்கிறேன், சும்மா கிடைப்பதிலும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் வசதியில்தான்.

எடிட்டருக்குப் போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ஓரிடத்தில் இரண்டு எழுத்தைப் பகர அடைப்பில் போட்டிருக்கிறீர்கள். அடுத்த வரியில் பிறை அடைப்பு. அதற்கடுத்து வெறும் கேள்விக்குறி. எது கல்லில் மங்கலாகத் தெரிந்தது, எது உடைந்துபோன இடத்தில் நீங்கள் ஊகித்து எழுதியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எழுதிய அன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வருடம் போனால் உங்களுக்கே சந்தேகம் வரும். அச்சான கல்வெட்டுத் தொகுதிகளிலேயே இந்த அடைப்புகளுக்குப் பொருள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கல் சொன்னது எது, நாம் சொல்வது எது என்று எழுத்துக்கு எழுத்து பெயர் வைத்துப் பிரிப்பதுதான் எக்ஸ்எம்எல் உங்களுக்குச் செய்யப்போகும் உதவி. பேராசிரியர் கேட்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். எடிட்டர் அந்தப் பிரிவினை வழியில் கலைந்துவிடாமல் காவல் பார்க்கும்.

சரி, நிறுவுவதைப் பார்ப்போம்.

விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது, 64 பிட் என்றால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும். எல்லோரும் விஎஸ் கோட் என்பார்கள். தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தொடாமல், அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அங்கே யூசர் இன்ஸ்டாலர், சிஸ்டம் இன்ஸ்டாலர் என்று இரண்டு இருக்கும். பள்ளி லேப்டாப்பில் நிர்வாகி கடவுச்சொல் உங்களிடம் இருக்காது, அதனால் யூசர் இன்ஸ்டாலரை எடுங்கள். அது உங்கள் கணக்குக்குள் மட்டும் அமரும், கடவுச்சொல் கேட்காது. நிறுவும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் இருப்பதை அப்படியே விட்டு நெக்ஸ்ட் கொடுத்தால் போதும்.

திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இடப்பக்கம் எக்ஸ்டென்ஷன் பட்டியல் வரும். தேடும் இடத்தில் எக்ஸ்எம்எல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பல வரும். வெளியிட்டவர் ரெட் ஹாட் என்று இருப்பதை நிறுவுங்கள். முன்பு இதற்கு ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இப்போது வழக்கமான வேலைக்குத் தேவையில்லை. உங்கள் ஊரில் நெட் சரியாக எடுக்காது என்றால், டவுனில் வேறு கம்ப்யூட்டரில் அந்த எக்ஸ்டென்ஷனை விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். அதே பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் அதற்கான வழி இருக்கும்.

லேப்டாப் பழையது, 32 பிட் என்றால் விஎஸ் கோட்டின் புதிய பதிப்பு ஓடாது. அப்போது நோட்பேட் பிளஸ் பிளஸ், அதற்குள் பிளகின் பட்டியலில் எக்ஸ்எம்எல் டூல்ஸ். பிழை காட்டும், அது போதும்.

ஆக்ஸிஜன் எக்ஸ்எம்எல் எடிட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அருமையான மென்பொருள். குறிகளை மறைத்துவிட்டு வேர்ட் போலவே எழுத ஒரு பார்வை அதில் உண்டு. பழைய உரைகளைப் பதிப்பிக்க உதவும் மாதிரிக் கோப்புகளும் உள்ளேயே வரும். 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அப்புறம் காசு. பேராசிரியரின் துறையில் உரிமம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம்.

விஎஸ் கோட்டில் தமிழுக்காக இரண்டு மாற்றம் செய்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் ஃபான்ட் ஃபேமிலி என்று தேடி, இருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு கமா போட்டு நிர்மலா யூஐ என்று ஆங்கிலத்தில் சேருங்கள். அப்போதுதான் தமிழ் எழுத்து ஒழுங்காக அமரும். ஆல்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் நீண்ட வரி மடங்கி வரும். வலது கீழ்மூலையில் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு முறை பாருங்கள்.

வேர்டிலிருந்து ஒட்டியதும் ஏன் எல்லாம் சிவந்தது? எக்ஸ்எம்எல் கோப்பில் எல்லாமே ஒரு வெளிக்குறிக்குள் அடங்க வேண்டும். வெளியே நிற்கும் முதல் எழுத்திலேயே எடிட்டர் குழம்பிவிடும், அதன் பிறகு காட்டுவதில் பாதி அந்த முதல் பிழையின் எதிரொலிதான். அதனால் எப்போதும் மேலிருந்து முதல் பிழையை மட்டும் சரிசெய்து, மறுபடி பாருங்கள். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு பிழையாகக் கொண்டுபோகும். ஐம்பது சிவப்புக் கோடு இரண்டு திருத்தத்தில் மறைவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். இது எந்தக் கல்லிலும் உள்ள வாசகம் கிடையாது. நம் பக்கத்துப் பல்லவர் கால நடுகற்களின் நடையில் நானே எழுதிக்கொண்டது. குறிகளையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன். எக்ஸ்எம்எல் விதிப்படி தமிழ்க் குறி செல்லும்.

<நடுகல் எண்="12">
<இடம் வட்டம்="ஊத்தங்கரை" மாவட்டம்="கிருஷ்ணகிரி"/>
<வாசகம்>
<வரி எண்="1"/>கோவிசைய மயிந்திர பரு<வரி எண்="2" சொல்முறிவு="ஆம்"/>மற்கு யாண்டு <ஐயம்>ஏழா</ஐயம்>வது
<வரி எண்="3"/>தொறுக் கொண்ட ஞா<நிரப்பு>ன்று</நிரப்பு> பட்டான் <சிதைவு எழுத்து="3"/> கல்
</வாசகம்>
</நடுகல்>

மூன்று குறிகளைக் கவனியுங்கள். ஐயம் என்றால் கல்லில் இருக்கிறது, ஆனால் அப்படித்தானா என்பது உறுதியில்லை. நிரப்பு என்றால் கல்லில் இல்லை, நாம் எழுதியது. சிதைவு என்றால் மூன்று எழுத்துக்கு இடம் இருக்கிறது, என்ன என்று தெரியவில்லை, நாம் ஒன்றும் எழுதவும் இல்லை. வேர்டில் இந்த மூன்றும் அடைப்புக்குள் அடைப்பாகக் கிடந்தவை. இப்போது நாற்பது கல்லிலும் நாம் நிரப்பியது எவ்வளவு என்று ஒரே தேடலில் எடுத்துவிடலாம்.

அப்புறம் அந்த வரிக் குறி. கல்லில் இடம் முடிந்ததும் எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். சொல் முடிந்ததா என்று வெட்டியவர் பார்க்கமாட்டார். மேலே பருமற்கு என்ற சொல் இரண்டு வரியில் கிடக்கிறது. வரியை ஒரு குறிக்குள்ளும் சொல்லை இன்னொரு குறிக்குள்ளும் அடைக்கப் பார்த்தால் ஒன்றை ஒன்று வெட்டும். எக்ஸ்எம்எல்லில் அது ஆகாது. உள்ளே திறந்தது உள்ளேயே மூட வேண்டும். அதனால்தான் வரியை அடைப்பாக வைக்காமல், இங்கே வரி தொடங்குகிறது என்று ஒரு மைல்கல் போல நட்டுவிடுகிறோம். கடைசியில் சாய்கோடு இருக்கிறதே, அது உள்ளே ஒன்றுமில்லாத, தானே மூடிக்கொள்ளும் குறி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விஎஸ் கோட்டில் கோப்பை அழகுபடுத்தும் வசதி ஒன்று உண்டு, ஃபார்மட் டாக்குமெண்ட் என்று. விவரப் பட்டியலுக்கு நல்லது. வாசகம் உள்ள பகுதியில் அதை அழுத்தாதீர்கள். குறிகளைத் தனித்தனி வரியாக்க நினைத்து, பரு என்பதற்கும் மற்கு என்பதற்கும் நடுவே வெற்றிடம் நுழைந்துவிட்டால், ஒரு சொல் இரண்டு சொல்லாகிவிடும். திரையில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். கல்வெட்டில் வெற்றிடமும் ஒரு தரவு. சேமிக்கும்போது தானாக அழகுபடுத்தும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். யாராவது போட்டுவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

உங்கள் வேர்ட் கோப்பில் இன்னும் சில சிக்கல்கள் காத்திருக்கின்றன. வேர்ட் தானாக வளைத்துப் போடும் மேற்கோள் குறியை எக்ஸ்எம்எல் ஏற்காது, பண்புகளுக்கு, அதாவது மேலே எண்="12" போலக் குறிக்குள் எழுதும் விவரங்களுக்கு, நேர்க்குறிதான் வேண்டும். & குறியை நேரடியாக எழுதினால் பிழை; &#38; என்று எழுத வேண்டும். குறியின் பெயருக்குள் இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது. பழைய குறிப்புகள் வானவில் போன்ற எழுத்துருவில் அடித்தவை என்றால், ஒட்டியதும் புரியாத ஆங்கில எழுத்தாகக் கொட்டும். எழுத்துக்கு எழுத்து ஒரு பொது எண் கொடுக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாலும் நம் அலுவலகங்களில் அந்தக் கோப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக்கிவிட்டு, அதை ஒரு முறை கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடிட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கே உரியது. ஒரு நாள் மாலை முழுக்க என்னை உட்காரவைத்த பிழை. தொறு (மாட்டுமந்தை) என்று ஒரு குறியைத் திறந்து, தொறு என்று மூடியிருந்தேன். மூடும் குறி பொருந்தவில்லை என்று எடிட்டர் திரும்பத் திரும்பச் சொன்னது. எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், இரண்டும் ஒன்றுதான். கடைசியில் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒகர உயிர்மெய்க் குறிக்கு யூனிகோடில் 3018 என்று ஒரே எண் உண்டு. அதையே ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் தொ என்றே தெரியும். ஒரு தொறு என் விசைப்பலகையில் வந்தது, இன்னொன்று பழைய கோப்பிலிருந்து ஒட்டியது. எக்ஸ்எம்எல் எண்ணைத்தான் ஒப்பிடும், உருவத்தைப் பார்க்காது. ஔகாரத்திலும் இதே தொல்லை: கௌ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்போடு ள என்ற எழுத்தைச் சேர்த்து அடித்துவைத்திருப்பார்கள்.

குறிப் பெயரில் இப்படி நேர்ந்தால் எடிட்டராவது கத்தும். வாசகத்துக்குள் நேர்ந்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தொறு என்று தேடும்போது பாதிக் கற்கள் அகப்படாமல் போகும், அவ்வளவுதான். அதனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விசைப்பலகையில், தமிழ்99 என்றால் தமிழ்99-இலேயே அடிக்கட்டும். ஒட்டிய பகுதிகளில் இரண்டெண் வடிவத்தை ஃபைண்ட் பெட்டியில் போட்டு, ஓரெண் வடிவமாக மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஒகரத்தைப் பற்றியே இன்னொன்று. கல்லில் கொ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு மட்டும் சிதைந்து, ககரமும் காலும் தெளிவாக இருக்கிறது என்று வையுங்கள். கொம்பை மட்டும் ஐயம் என்று குறிக்கத் தோன்றும். முடியாது. யூனிகோடில் ககரம் முதலில், முழு ஒகரக் குறி அதன் பின்னால். நாம் வைத்துக்கொள்ளும் ஓரெண் வடிவத்தில் இடப்பக்கத்துக் கொம்புக்குத் தனி இடம் இல்லை. நடுவில் வெட்டிக் குறி போட்டால் திரையில் புள்ளிவட்டம் முளைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் முழு எழுத்தையும் ஐயம் என்று அடைத்து, எந்தப் பகுதி சிதைந்தது என்பதை ஒரு குறிப்பாக எழுதுங்கள்.

பல கற்களில் புள்ளி இட்டிருக்கமாட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். இதை ஒவ்வொரு சொல்லுக்கும் கல்லில் உள்ளபடி ஒன்று, நம் படிப்பு ஒன்று என்று இரட்டையாக எழுத வழி இருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவது கல்லிலேயே சோர்ந்துவிடுவார்கள். புள்ளியும் நெடில் வேறுபாடும் நாங்கள் இட்டவை என்று கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு முறை எழுதிவிடுங்கள். பொருளே மாறக்கூடிய ஓரிரு சொல்லுக்கு மட்டும் இரண்டு வடிவமும் கொடுங்கள்.

இடத்தைப் பற்றி: தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஊத்தங்கரைக் கல் ஒன்று பழைய அறிக்கையில் தருமபுரி மாவட்டம் என்றும், அதற்கும் முந்தையதில் சேலம் மாவட்டம் என்றும் இருக்கும். இன்றைய மாவட்டத்தை ஒரு பண்பாகவும், அறிக்கையில் உள்ளதை வேறு பண்பாகவும் வையுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுதினால் பழைய பதிவோடு பொருத்த முடியாமல் போகும். காலத்துக்கும் இதே முறை. கல்லில் இருப்பது அரசனின் ஆட்சியாண்டு. நாம் கணக்கிட்ட கி.பி. ஆண்டு வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஊரார் அந்தக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்களா, எண்ணெயும் மஞ்சளும் பூசியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். எந்த எழுத்து ஏன் மங்கலாகத் தெரிந்தது என்பதற்கு அதுவே விளக்கம். மைப்படி (கல்லின் மேல் தாள் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுத்தீர்களா, காலைச் சாய்வெயிலில் படம் மட்டும் எடுத்தீர்களா என்பதும் வேண்டும். ஜிபிஎஸ் எண்ணை மட்டும் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வயல் வரப்பில் காவலில்லாமல் நிற்கும் கல்லுக்கு வழி சொல்லி வெளியிட எனக்கு மனம் வராது.

இப்போது தமிழ்க் குறியா, ஆங்கிலக் குறியா? மேலே தமிழில் காட்டியது புரிந்துகொள்வதற்காக. முதல் ஒரு வாரம் பிள்ளைகள் தமிழ்க் குறியிலேயே பழகட்டும். ஆனால் பேராசிரியருக்குக் கொடுப்பது எபிடாக் முறையில் இருக்க வேண்டும். 1987-இல் தொடங்கிய டிஇஐ என்ற உரைக்குறியீட்டு நெறியின் மேல், கல்வெட்டுக்கென்றே அமைத்த வழிமுறை அது. நம் ஐயம் அங்கே அன்கிளியர், நிரப்பு அங்கே சப்ளைட், சிதைவு அங்கே கேப், வரி அங்கே எல்பி. பொருள் அப்படியே பொருந்தும். தமிழ்க் குறிகளுக்கு வண்ணம் காட்டுவதிலும் தானாக நிறைவு செய்வதிலும் சில எடிட்டர்கள் தடுமாறும். டிஇஐ குறிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. எபிடாக்கின் விதிக் கோப்பை இறக்கி உங்கள் ஃபோல்டரிலேயே வைத்து, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அதைச் சுட்டிவிட்டால், எடிட்டர் இரண்டாவது காவலையும் ஏற்றுக்கொள்ளும். திறந்ததை மூடினீர்களா என்பது முதல் காவல். இந்தக் குறி இந்த இடத்தில் வரலாமா, இந்தப் பண்பு அதற்கு உண்டா என்பது இரண்டாவது. கோணக்குறியை அடித்த உடனே அங்கே என்னென்ன வரலாம் என்று பட்டியலும் காட்டும். பிள்ளைகள் குறிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சுட்டும் வரியைப் பேராசிரியரிடம் அவர்களுடைய மாதிரிக் கோப்பு ஒன்று வாங்கி அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்தப் பதிப்பு விதியைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே உங்களுக்கும் அமைந்துவிடும்.

ஒரு கல்லுக்கு ஒரு கோப்பு. பெயர் ஊரும் எண்ணுமாக, இடைவெளி இல்லாமல். எக்ஸெல்லில் உள்ள அளவு, திசை, கண்டுபிடித்த நாள் எல்லாம் தலைப்பகுதிக்குப் போகும். அதை இப்போதே செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம். வாசகத்தை மட்டும் கையாலேயே, படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். வேர்டிலிருந்து ஒட்டினால் பழைய அடைப்புகள் எல்லாம் கூடவே வந்துவிடும். படத்தைப் பார்த்து அடித்தால் ஒவ்வொரு எழுத்திலும் நின்று, இது கல்லில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வீர்கள்.

மிகக் குறைவாகச் சிதைந்த கல் ஒன்றை எடுத்து முதலில் அதை முடியுங்கள். எஃப்8 அழுத்தியும் ஒரு பிழையும் காட்டாத நிலைக்கு வந்ததும் கோப்பையும் படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். ஐயமும் நிரப்பும் எங்கே மாறியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.